அதே பாட்டு, வேறு வாத்தியம்
வாசகர் கேள்வி – பதில்

"ஸ்வீனி டாட்" இசை நாடகத்தின் 1979 ஒலிப்பதிவு எங்கள் வீட்டில் இருக்கிறது. மகள் 2005 மறுமேடையேற்றத்தின் பதிவைப் போட்டுக் காட்டி, இதுதான் உயிரோட்டமாக இருக்கிறது என்கிறாள். எனக்கு அது எலும்பும் தோலுமாகக் கேட்கிறது. எதை வைத்து ஒப்பிடுவது?
— வாசகி, சாட்ஸ்வர்த்

எலும்பும் தோலுமாகத்தான் இருக்கும் அம்மா, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 1979-இல் வாத்திய அமைப்பை, அதாவது எந்த வாத்தியம் எதை வாசிக்கும் என்பதை, எழுதியவர் ஜோனத்தன் டூனிக். ஆர்கன், பித்தளைக் குழல்கள், வயலின் கூட்டம் என்று பெரிய குழு அது. 2023-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் திரும்ப மேடையேற்றியபோது அதே டூனிக் அமைப்பை 26 பேரை வைத்து வாசித்தார்கள். 2005-இல் இயக்குநர் ஜான் டாயில் தனி வாத்தியக்குழுவே வேண்டாம் என்று விட்டார். மேடையில் இருந்த பத்து நடிகர்களே பாடினார்கள், அவர்களே வாசித்தார்கள். அதற்கேற்ப எழுதிய சாரா ட்ராவிஸுக்கு அமெரிக்க நாடக உலகின் டோனி விருது கிடைத்தது.

இந்த ஒரு முடிவினால் என்னென்ன மாறுகிறது என்பதைக் கேட்டால் விளையாட்டு புரிந்துவிடும். நாயகி மிஸஸ் லவெட்டாக வரும் பாட்டி லூபோன் ட்யூபா வாசிக்கிறார். வாயால் ஊதும் வாத்தியம் என்பதால், அவர் பாடத் தொடங்கியதும் ட்யூபா நின்றுபோகும். கீழ்ச்சுரத்தை வேறொருவர் பிடித்தாக வேண்டும். காதலர்களான ஜோஹன்னாவுக்கும் ஆண்டனிக்கும் செல்லோ கொடுத்திருக்கிறார்கள். வில் போடும் வாத்தியம், வாய் சும்மா இருக்கும், பாடிக்கொண்டே வாசிக்கலாம். ஆக, யார் எப்போது பாடுகிறார்கள் என்பதே எந்த நாதம் எப்போது கேட்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. டூனிக்குக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

ஒப்பிடும் முறை இதுதான். முதலில் சத்தத்தைச் சமன் செய்யுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே "நல்ல பதிவு" என்று காதை ஏமாற்றிவிடும். கைபேசியில் ஒலியளவு காட்டும் செயலியை ஸ்பீக்கரிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, இரண்டு பதிவிலும் ஒரே சரணத்தை ஓட்டி, ஏறத்தாழ ஒரே எண் வரும்வரை திருகுங்கள். இதைச் செய்யாமல் நடக்கும் வாதத்தில் பாதி வீண் வாதம்.

பிறகு அந்தச் சரணத்தை மூன்று முறை கேளுங்கள். முதல் தடவை கீழ்ச்சுரம் மட்டும்: யார் வாசிக்கிறார், எங்கே விடுகிறார்? இரண்டாம் தடவை நடுவில் ஒளிந்திருக்கும் கிளாரினெட், வியோலா, கொம்பு. பாடகர் மூன்றாவதாகத்தான். எல்லோரும் பாடகரிலிருந்து தொடங்குவதால், 1979-இன் மிஸஸ் லவெட்டான ஏஞ்சலா லான்ஸ்பரியா, லூபோனா என்ற சண்டையிலேயே நின்றுவிடுகிறார்கள். வாத்தியம் பக்கம் போவதே இல்லை.

தொடக்கப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சவரக்கத்தியைச் சுழற்றச் சொல்லும் இடத்தில் கூட்டம் பாடும் மெட்டு, கத்தோலிக்க இறப்புப் பூசையின் பழைய "டியஸ் ஈரே" மெட்டிலிருந்து பிறந்தது. 1979 பதிவில் அது தேவாலயத்தையே தலையில் தூக்கி வைக்கிறது. 2005-இல் பத்துப் பேர் காதருகே வந்து மிரட்டுகிறார்கள். முழுக்கதையும் கேட்க வேண்டுமானால் 1979, பாட்டின் வரிகளும் இசையின் கட்டும் தெரிய வேண்டுமானால் 2005 என்பது எங்கள் கணக்கு. மகளிடம் முழுத் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

"ஸ்வீனி டாட்" நாடகத்தில் நீதிபதி பாடும் "ஜோஹன்னா" பாட்டு 1979 பதிவில் இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டு மேடையில் அது இல்லை என்கிறார்களே?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

உண்மைதான். அந்தப் பாட்டை மேடையில் வெட்டிவிட்டு ஒலிப்பதிவில் சேர்த்துக்கொண்டார்கள். நடிகர் குழு ஒலிப்பதிவு பெரும்பாலும் ஸ்டூடியோவில் தனியாகச் செய்வது. மேடையின் நகல் என்று நம்பி நேரக்கணக்குப் போடாதீர்கள். எல்.பி. இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு 20 முதல் 25 நிமிடம்தான் நன்றாகப் பிடிக்கும் என்பதால், பல நாடகங்களில் நடனப் பகுதிகளைச் சுருக்கியே பதிவு செய்தார்கள்.

தென்னாப்பிரிக்க ஜாஸ் இசை நாடகமான "கிங் காங்"கின் 1959 தட்டை அப்பா கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார். ஹார்மோனியத்தில் சேர்த்து வாசித்தால் எந்தக் கட்டையிலும் நிற்கவில்லை. 1961 லண்டன் பதிவோடு இதை ஒப்பிட முடியுமா?
— வாசகர், லெனேசியா

எந்தக் கட்டையிலும் நிற்காமல் இரண்டு கட்டைக்கு நடுவே தொங்கினால், சந்தேகப்பட வேண்டியது பாடகரை அல்ல, தட்டு சுழலும் வேகத்தை. 33⅓ சுற்றுக்குப் பதில் 34⅓ சுற்றினால் 3 சதவீதம் கூடுகிறது. சுருதி 1 கட்டைக்கும் 1½ கட்டைக்கும் சரிபாதியில் போய் உட்கார்ந்துவிடும். 3 நிமிடப் பாட்டு 5 விநாடி குறையும். வேகத்தைக் கணினியில் 97 சதவீதமாக்கிப் பாருங்கள். சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடவேண்டாம். அது தாளத்தை அப்படியே விட்டுவிடும், பிழை பாதிதான் தீரும்.

வேகம் சரியான பிறகு ஒப்பீட்டுக்கு வரலாம். டாட் மட்ஷிகிஸாவின் இசை இது. 1959 அமைப்பில் கிப்பி மோகெட்ஸி, மக்கே டாவாஷே, சோல் கிளாஸ்டே ஆகியோரின் கை உண்டு. எல்லோரும் கறுப்பினக் குடியிருப்புகளில் வளர்ந்த டவுன்ஷிப் ஜாஸில் ஊறியவர்கள். நாயகி ஜாய்ஸாக 1959-இல் மிரியம் மகேபா. அவர் அமெரிக்கா போய்விட்டதால் லண்டனில் பெகி பாங்கோ. நாயகன் நேத்தன் ம்ட்லெட்லே இரண்டிலும் ஒருவரே. ஆகவே அவர் பாடும் பாட்டுகளை வைத்து ஒப்பிடுங்கள். குரல் மாறாதபோது வாத்தியத்தில் நடந்த மாற்றம் துல்லியமாகத் தெரியும். 1959 குழுவில் டிரம்பெட் வாசித்த ஹியூ மசெகேலா 1960-இலேயே நாட்டை விட்டுப் போய்விட்டார் என்பதால், டிரம்பெட் வரும் இடங்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மகேபாவின் "பேக் ஆஃப் த மூன்" பாட்டை பாங்கோவின் பாட்டோடு நேருக்கு நேர் நிறுத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அது இரண்டு பாடகிகளுக்கு மார்க் போடும் வேலை.

எங்கள் குழுவில் எட்டு வாத்தியக்காரர்கள். பெரிய அமைப்பில் எழுதிய நாடகத்தை எடுத்து நாங்களே குறைத்து எழுதிக்கொள்ளலாமா? பதிவைக் கேட்டே எழுதிவிடும் பையன் ஒருவன் இருக்கிறான்.
— நாடகக் குழு, ஃபீனிக்ஸ்

பையன் கெட்டிக்காரன், ஆனால் கூடாது. மேடை உரிமையோடு எந்த வாத்தியத் தாள்களை வாடகைக்குத் தருகிறார்களோ அவற்றைத்தான் வாசிக்க வேண்டும். மாற்றி எழுதத் தனி அனுமதி தேவை. சிறிய குழுவுக்கான அமைப்பு உண்டா என்று கையெழுத்துப் போடுமுன், உரிமம் வழங்கும் அமைப்பான டால்ரோவில் எழுத்து மூலம் கேளுங்கள். யாரிடம் உரிமை இருக்கிறது என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

தாள் வந்ததும் "ரீட் 1", "ரீட் 2" என்று ஊதுகுழல்காரர்களுக்காக இருக்கும் கட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். ஒரே ஆள் ஃப்ளூட்டும் பிக்கலோவும் கிளாரினெட்டும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டியிருக்கலாம். வாத்தியம் மாற்ற எத்தனை தாள அளவு கிடைக்கிறது என்று எண்ணிக் குறியுங்கள். ஒத்திகையில் குழு தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆள் இல்லாத வாத்தியத்தின் முக்கிய வரி, இசை நடத்துநரின் பியானோ தாளில் பலவேளை சிறிய சுரங்களாக அச்சாகியிருக்கும். கீபோர்டுக்காரர் அதை எடுத்துக்கொள்ளட்டும். மற்ற எல்லாவற்றையும் கீபோர்டிலேயே திணித்தால் பாடகரின் குரல் அமுங்கிப்போகும்.

வயலின் ஒன்று வையுங்கள், அல்லது மூன்று வையுங்கள். இரண்டு பேர் ஒரே சுரத்தைப் பிடித்தால் இருவருக்கும் உள்ள சிறு சுருதி வித்தியாசம் அலையலையாக அடிக்கும். மூன்றாமவர் சேர்ந்ததும் அது கூட்ட நாதமாகக் கலந்துவிடும்.