பேக்-மேனில் 5,000-ஐத் தாண்ட முடியவில்லை, எப்படி ஆடுவது?

"புள்ளிகளை எல்லாம் விடாமல் தின்கிறேன், ஆனாலும் ஸ்கோர் ஐயாயிரத்தைத் தாண்டவில்லை. எங்கே தப்பு? இந்த ஆட்டத்துக்கு முடிவு என்று ஒன்று உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான்கு பேய்கள் துரத்த, சந்துபொந்துப் பாதையில் புள்ளி தின்னும் இந்த வீடியோ கேமில், புள்ளிகளை மட்டும் தின்பதால்தான் தாண்டவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லெவலில் சின்னப் புள்ளிகள் 240, ஒன்றுக்கு 10 பாயிண்ட். மினுக்கிக்கொண்டிருக்கும் பெரிய புள்ளிகள் 4, ஒன்றுக்கு 50. மொத்தம் 2,600. முதல் லெவலில் செர்ரிப் பழம் இரண்டு முறை வரும், தலா 100. அதையும் சேர்த்தால் 2,800. அவ்வளவுதான். ஆனால் ஒரு பெரிய புள்ளியைத் தின்றதும் நீலமாக மாறும் நான்கு பேய்களையும் பிடித்துவிட்டால் 200, 400, 800, 1,600 என்று இரட்டித்துக்கொண்டே போய் 3,000 கிடைக்கும். ஒரே ஒரு பெரிய புள்ளியில், மொத்தப் புள்ளிகளையும் விட அதிகம்! நான்கிலும் இதைச் செய்தால் 12,000. வழக்கமாக 10,000-இல் கூடுதலாக ஒரு உயிர் கிடைக்கும். அதை முதல் லெவலிலேயே வாங்கிவிடலாம்.

(நான் சொல்லும் எண்கள் 1980-இல் ஜப்பானின் நாம்கோ வெளியிட்ட அசல் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திர) ஆட்டத்துக்கானவை. போனில் கிடைக்கும் நகல்களில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.)

சின்ன வயதில் டிவியில் கேசட் போட்டு ஆடும்போது, பெரிய புள்ளி என்பது ஆபத்துக்கு உதவும் மருந்து என்றுதான் நினைத்திருந்தேன். பேய் துரத்தினால் ஓடிப்போய் அதை விழுங்குவேன், பேய்கள் திரும்பி ஓடும், "அப்பாடா" என்று மறுபடி சின்னப் புள்ளிகளைப் பொறுக்கப் போய்விடுவேன். நீலப் பேய் எதிரே வந்தால்கூட ஒதுங்கிய காலம் உண்டு. அது மருந்து இல்லை, தூண்டில். பெரிய புள்ளிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள், தின்னாதீர்கள். பேய்கள் கூட்டமாக நெருங்கி வரட்டும். கடைசி நொடியில் விழுங்குங்கள். பேய்கள் திரும்பி, வேகம் குறைந்து ஊர்ந்துபோகும்போது ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிக்கலாம். தூரத்தில் இருக்கும்போது தின்றால், முதல் லெவலில் கிடைக்கும் 6 நொடி அவற்றை எட்டிப்பிடிக்கவே போதாது.

இன்னொன்று, ஆட்டம் தொடங்கியதும் நேராகப் பெரிய புள்ளி இருக்கும் மூலைக்கு ஓடாதீர்கள். முதல் லெவலில் சிவப்பும் இளஞ்சிவப்பும் உடனே வந்துவிடும். நீலப்பச்சை பேய் நீங்கள் 30 புள்ளிகள் தின்ற பிறகும், ஆரஞ்சு இன்னும் 60 தின்ற பிறகும்தான் நடுவில் இருக்கும் கூட்டை விட்டு வெளியே வரும். அதற்கு முன் பெரிய புள்ளியைத் தின்றால் 1,600 போச்சு. அதேபோல் ஒன்றின் பலன் தீரும் முன் அடுத்த பெரிய புள்ளியைத் தின்றால் எண்ணிக்கை மறுபடி 200-இல் இருந்து தொடங்கும்.

நீலம் வெள்ளையாக மினுக்க ஆரம்பித்தால் விட்டுவிடுங்கள். அந்த 1,600-க்கு ஆசைப்பட்டு, தொடும் நேரத்தில் பேய் சுயநிறத்துக்குத் திரும்பி, நான் இழந்த உயிர்களுக்குக் கணக்கே இல்லை.

சரி, பேய்களைக் கூட்டமாக வரவைப்பது எப்படி? இங்கேதான் ஆட்டம் சுவாரசியமாகிறது. பேய்கள் கண்டபடி அலைவதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. சிவப்பு பிளிங்கி, நீங்கள் இருக்கும் கட்டத்தையே குறிவைத்துப் பின்னால் வரும். இளஞ்சிவப்பு பிங்கி, நீங்கள் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைத்து மடக்கப் பார்க்கும். அதனால் அதைக் கண்டு ஓடுவதைவிட அதை நோக்கியே நடந்தால், நடுவில் ஒரு சந்து இருக்கும்போது பல நேரம் அதுவே திரும்பிப் போய்விடும். முதல் தடவை இதைச் செய்யத் தைரியம் வேண்டும். ஆரஞ்சு கிளைடு எட்டு கட்டத்துக்கு அப்பால் இருக்கும்வரை துரத்தும், கிட்டே வந்தால் மனசு மாறி இடதுபக்கக் கீழ்மூலைக்குப் போய்விடும். வாய்ச்சொல் வீரன். நீலப்பச்சை இங்கி மட்டும் கொஞ்சம் குழப்பம். அதன் குறி உங்களையும் பிளிங்கியையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. பிளிங்கி உங்களை நெருங்கினால் இங்கியும் நெருங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இவை எப்போதும் துரத்திக்கொண்டே இருப்பதுமில்லை. முதல் லெவலில் 7 நொடி ஆளுக்கொரு மூலைக்குப் போய்ச் சுற்றும், பிறகு 20 நொடி துரத்தும், மறுபடி 7 நொடி மூலை. இப்படி நான்கு முறை ஓய்வு, கடைசி இரண்டும் 5 நொடிதான். அதற்குப் பிறகு ஓய்வே இல்லை. நீங்கள் பெரிய புள்ளி எதையும் தின்னாதபோது நான்கும் ஒரே நேரத்தில் திரும்பினால் ஓய்வு முடிந்து துரத்தலோ, துரத்தல் முடிந்து ஓய்வோ தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஓய்வு நேரத்தில் ஆபத்தான இடங்களைக் காலி செய்யுங்கள், துரத்தும் நேரத்தில் தூண்டில் போடுங்கள்.

தப்பிப்பதற்கு என்று எனக்குக் கைகொடுத்தது மூன்று விஷயம். புள்ளி தின்னும்போது பேக்-மேனின் வேகம் குறையும். அதனால் துரத்தும்போது ஏற்கெனவே தின்று முடித்த வெற்றுப் பாதையில் ஓடுங்கள். திரையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவரும் பக்கவாட்டுச் சுரங்கத்துக்குள் பேய்களின் வேகம் பாதியளவுக்குக் குறையும், உங்களுக்குக் குறையாது. அப்புறம் திருப்பங்கள். மூலையை அடைவதற்குச் சற்று முன்னாலேயே ஜாய்ஸ்டிக்கைத் திருப்பினால் பேக்-மேன் மூலையைக் குறுக்கே வெட்டித் திரும்பும். பேய்களால் அது முடியாது. நேர்கோட்டில் ஓடாமல் வளைந்து வளைந்து ஓடினால் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் இடைவெளி கூடும்.

பழம் 70 புள்ளிகள் தின்றதும் ஒன்று, 170 தின்றதும் ஒன்று, கூட்டுக்குக் கீழே வரும். பத்து நொடிக்குள் மறைந்துவிடும். முதல் லெவலில் அதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். ஆனால் பேய்கள் நீலமாக இருக்கும் நேரம் இரண்டாவது லெவலில் 5 நொடி, மூன்றாவதில் 4, ஐந்தாவதில் 2 என்று சுருங்கிக்கொண்டே போகும் (ஆறாவதில் மட்டும் திடீரென்று மறுபடி 5). அங்கே பழத்தின் மதிப்பு ஏறும்: ஸ்ட்ராபெரி 300, ஆப்பிள் 700, பதின்மூன்றாவது லெவலில் இருந்து சாவி 5,000. பத்தொன்பதுக்கு மேல் பேய்கள் நீலமாகவே மாறாது, திரும்பி மட்டும் போகும்.

முடிவு உண்டா என்றால், உருவாக்கிய தோரு இவாதானி வைக்கவில்லை, தானாக வந்து சேர்ந்தது. லெவல் எண்ணை ஒரே பைட்டில் (255 வரைதான் எண்ணக்கூடிய நினைவக இடம்) எண்ணுவதால் 256-ஆவது லெவலில் கணக்கு குழம்பி, திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணுமாகச் சிதறிவிடும். தின்னப் போதுமான புள்ளிகள் அங்கே இல்லாததால் அதைத் தாண்ட வழியில்லை. அதுவரை ஒரு புள்ளி, ஒரு பேய், ஒரு பழம் விடாமல், ஒரு உயிரும் போகாமல் ஆடினால் 3,333,360. 1999-இல் முதல்முறையாக அது எடுக்கப்பட்டது. என்னுடைய அதிகபட்சம் 61,000 சொச்சம். சாவியை இன்னும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.