66 தாண்டிய பிறகு நடமாட்ட உதவித்தொகை: கேள்வி பதில்

சனிக்கிழமைகளில் பெனிஃபிட் படிவம் நிரப்ப உதவுகிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பதில்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும், தொகைகள் 2025-26க்கானவை.

கே: அம்மாவுக்கு 71. முழங்கால் தேய்ந்து, பஸ் ஸ்டாப் வரைகூட நடக்க முடியவில்லை. பிப் (PIP, உடல் இயலாமை உள்ளவர்களுக்கான அரச உதவித்தொகை; அன்றாட வாழ்க்கைக்கு ஒரு பகுதி, நடமாட்டத்துக்கு ஒரு பகுதி) எடுக்கலாமா?

முடியாது அக்கா. அரச ஓய்வூதிய வயதுக்குப் பிறகு பிப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. கடந்த ஓராண்டுக்குள் பிப் வாங்கியவர்களுக்கு விலக்கு உண்டு. அந்த வயது 2026 ஏப்ரல் வரை 66, அதிலிருந்து படிப்படியாகக் கூடி 2028க்குள் 67 ஆகிவிடும். உங்கள் அம்மாவுக்கு இருப்பது அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், அதாவது அந்த வயதைத் தாண்டியவர்களில் அன்றாடம் உதவி தேவைப்படுவோருக்கான உதவித்தொகை. அதில் நடமாட்டத்துக்கென்று தனிப் பணம் இல்லை. 64 வயதில் கால் முடங்கினால் பிப்பில் வாரம் 77.05 பவுண்ட் வரை கிடைக்கும். 67இல் முடங்கினால் அந்தக் கணக்கில் ஒரு பென்னிகூட இல்லை. இதில் என்ன நியாயம் என்று எனக்கும் விளங்கவில்லை.

கே: அப்படியென்றால் கால் வருத்தத்தை எழுதியே பயனில்லையா?

நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். "கடைக்குப் போக முடியாது" என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள், அது எடுபடாது. வீட்டுக்குள் நடப்பதை எழுதுங்கள். ஓர் அம்மா என்னிடம், "எல்லாம் நானே செய்வன் தம்பி" என்றார். அப்புறம் தண்ணீர் எடுக்க எழுந்தார். நாற்காலிக் கையை இரண்டு தரம் உந்தி, மேசை விளிம்பைப் பிடித்து, சுவரைத் தடவி, கதவு நிலையில் நின்று மூச்சு வாங்கினார். ராத்திரியில் டாய்லெட்டுக்குப் போக மகளை எழுப்புவாராம். அதைத்தான் எழுதினோம். பகலில் மட்டும் அல்லது இரவில் மட்டும் உதவி தேவையென்றால் வாரம் 73.90 பவுண்ட், இரண்டு வேளையும் என்றால் 110.40. ஆறு மாதமாகவாவது தேவை இருந்திருக்க வேண்டும். உதவ ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தேவை இருந்தால் போதும். சொத்து, சேமிப்பு எதையும் பார்க்க மாட்டார்கள். போனில் படிவம் கேட்டு ஆறு வாரத்துக்குள் அனுப்பினால், போன் செய்த நாளிலிருந்தே கணக்கு.

கே: எனக்கு இன்னும் நான்கு மாதத்தில் 66. பொறுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம் அண்ணா. நாளைக்கே போன் செய்து பிப் கிளெய்மைத் தொடங்குங்கள்.

கே: 63இலிருந்து பிப் வருகிறது, நடமாட்டத்துக்கு ஸ்டாண்டர்ட் ரேட் (இரண்டு விகிதங்களில் குறைந்தது). இப்போது 68, நடை இன்னும் மோசம். கூட்டிக் கேட்கலாமா?

நடமாட்டப் பகுதியைக் கூட்டித் தர மாட்டார்கள். அன்றாட வாழ்க்கைப் பகுதியைக் கூட்டிக் கேட்கலாம். ஆனால் கேட்டவுடன் முழு அவார்டையும் திறந்து பார்ப்பார்கள், இருப்பதும் குறையலாம். ஆலோசகர் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கேளுங்கள்.

கே: அட்டெண்டன்ஸ் அலவன்ஸை வைத்து மோட்டபிலிட்டி கார் (நடமாட்டப் பணத்தைக் கொடுத்து வாடகைக்கு எடுக்கும் கார்), புளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டை) கிடைக்குமா?

கார் கிடைக்காது. புளூ பேட்ஜ் கவுன்சில் விஷயம். வயது வரம்பு இல்லை, இங்கிலாந்தில் அதிகபட்சம் 10 பவுண்ட். அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கடிதத்தைக் காட்டி மாற்றுத்திறனாளி ரயில் கார்டு எடுக்கலாம், டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

கே: நாலு மாதம் யாழ்ப்பாணம் போகிறோம். பணம் நிற்குமா?

பொதுவாக 13 வாரம் வரை வரும். சிகிச்சைக்காகப் போனால் 26 வாரம். போகும் முன்பே தெரிவித்துவிடுங்கள்.

கே: ஸ்பான்சரில் வந்த மாமியாருக்கு?

அவருடைய விசாவில் 'பொது நிதி கூடாது' (அரச உதவித்தொகை எடுக்கக் கூடாது) என்று இருந்தால் படிவத்தைத் தொடவே வேண்டாம். பணம் வராது, விசாவுக்கும் சிக்கல்.