சம்பளம் வேற, பதக்கம் வேற

கேள்வி: போலீஸும் ஃபயர் சர்வீஸும் சம்பளம் வாங்கிட்டுதான வேலை பாக்குறாங்க, அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் மெடல், அதுக்கு மாசாமாசம் படி வேற?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: அண்ணே, மொதல்ல ரெண்டு வகை மெடலையும் போட்டுக் கொழப்பாதீங்க. நீங்க சொல்ற படி பொங்கலுக்குக் குடுக்குற முதலமைச்சர் பதக்கத்துக்கு, மாசம் 400 ரூபா, அது அப்பழுக்கில்லாம பல வருஷம் வேலை பாத்த போலீஸ், ஃபயர் சர்வீஸ்காரங்களுக்கு. வீரத்துக்குன்னு இருக்குறது வேற, ஜனவரி 26 அன்னைக்கு குடுக்குற அண்ணா பதக்கம், டெல்லியிலருந்து வர்ற ஜனாதிபதி பதக்கம் இதெல்லாம்.

சம்பளத்துக்கு வருவோம். 2020 தீபாவளி ராத்திரி ஞாபகம் இருக்கா? நம்ம மதுரை விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவுல ஜவுளிக்கடையில தீ, அணைக்கப் போன இடத்துல பழைய கட்டடம் இடிஞ்சு விழுந்து தீயணைப்பு வீரர்கள் ரெண்டு பேர் செத்துப் போனாங்க. அவங்க வீட்டுலயும் அன்னைக்கு தீபாவளிதான். அந்தச் சந்துகளுக்குள்ள ஒரு தடவ நடந்து பாருங்க, எதிர்க்க ஒரு தள்ளுவண்டி வந்தாலே நாம செவத்தோட ஒட்டிக்கணும், அதுக்குள்ள தண்ணி நெறஞ்சு கல்லாட்டம் கனக்குற ஹோஸத் தோள்ல போட்டு இழுத்துக்கிட்டு, பொகையில கண்ணு தெரியாம, மேல எந்த செவுரு எப்ப விழும்னு தெரியாமத்தான் போகணும். வாசல்லயே நின்னு தீ மேல தண்ணியப் பீய்ச்சியிருந்தாலும் அந்த மாசச் சம்பளம் கைக்கு வந்திருக்கும்ணே. கிட்டப் போனாங்க பாருங்க, அதுக்கு எந்தப் பே கமிஷன்லயும் ரேட் போடல.

எனக்கு உங்க கேள்வியவிட வேற ஒண்ணுதான் உறுத்துது. 2022 ஏப்ரல்ல நம்ம நேரு நகர்ல கழிவுநீர்க் கிணத்துல மூணு தொழிலாளிங்க விஷவாயு தாக்கி செத்தாங்க, உள்ள விழுந்தவரக் காப்பாத்தப் போனவங்களும் அதுல சேத்தி. கீழ என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா, தெரிஞ்சுதான எறங்குனாங்க. அது வீரம் இல்லையா? ஒடம்புல காக்கி இல்லேங்கறதுக்காக நம்ம வாயில அந்த வார்த்தை வர மாட்டேங்குது, 'பலி'ன்னு எழுதிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுறோம், பத்திரிகைக்காரங்க நாங்களும்தான். இத்தனைக்கும் உயிரக் காப்பாத்துனவங்களுக்குன்னே ஜீவன் ரக்ஷா பதக்கம் 1961லருந்து இருக்கு, யார் வேணா வாங்கலாம், எறந்தவங்க பேருக்கும் குடுப்பாங்க. அண்ணா பதக்கமும் பொதுமக்களுக்கு உண்டு, வருஷக் கடைசியில கலெக்டர் ஆபீஸ்லருந்து விண்ணப்பம் கேப்பாங்க. உங்க ஊர்க் கம்மாயில முங்குன புள்ளைய குதிச்சுத் தூக்குன ஆள் யாராச்சும் இருந்தா, இந்தத் தடவ அவர் பேர நீங்களே எழுதிப் போடுங்கண்ணே, பேப்பர்ல வந்த நியூஸ் கட்டிங் இருந்தா அதையும் வெச்சு அனுப்புங்க.