கேள்வி நேரம்: முகமூடிக்குள் ஒரு ராப்பர், இரண்டரை விநாடிக்குள் ஒரு பீட்

*எம்.எஃப். டூம் என்று ஒரு ராப்பர். எப்போதும் முகமூடியோடுதான் இருந்தாராம். விளம்பர உத்தியா, வேறு காரணமா?*
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

இயற்பெயர் டேனியல் டூமிலே. 1971-ல் லண்டனில் பிறந்து, சின்ன வயதிலேயே நியூயார்க்கின் லாங் ஐலண்டுக்குப் போய்விட்டவர். தம்பி சப்ராக்கோடு சேர்ந்து கே.எம்.டி. என்ற குழு. அப்போது இவர் பெயர் 'ஜெவ் லவ் எக்ஸ்', முகமூடி கிடையாது. எலெக்ட்ரா என்ற பெரிய லேபிளில் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) 1991-ல் முதல் ஆல்பம் வந்தது. இரண்டாவது முடியும் தறுவாயில், 1993 ஏப்ரலில், சாலையைக் கடக்கும்போது கார் மோதி சப்ராக் இறந்துபோனார். மறு வருஷம் ஆல்பத்தின் அட்டைப்படம் சர்ச்சையாக, எலெக்ட்ரா வெளியீட்டை நிறுத்திவிட்டுக் குழுவையும் கைகழுவியது. கறுப்பர்களைக் கேலி செய்யும் பழைய 'சாம்போ' பொம்மை தூக்கில் தொங்குவதுபோல டூமிலே வரைந்த படம் அது. இனவெறிச் சித்திரத்தைத் தூக்கிலிட்ட படத்தையே இனவெறி என்று படித்துவிட்டார்கள்.

சில வருஷம் ஆளையே காணோம். 1997 வாக்கில் மன்ஹாட்டனில் நியூயோரிக்கன் பொயட்ஸ் கஃபே மேடையில், தலையில் பெண்கள் அணியும் மெல்லிய காலுறையை மாட்டிக்கொண்டு ராப் செய்ய ஆரம்பித்தார். பிறகு பிளாஸ்டிக் முகமூடி, அதற்குப் பிறகு உலோகம். பெயரும் தோரணையும் மார்வெல் காமிக்ஸின் வில்லன் டாக்டர் டூமிடமிருந்து வந்தவை. 'முகத்தைப் பார்க்காதே, வரியைக் கேள்' என்பதுதான் அவர் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னதன் சாரம். விளம்பரத்துக்கும் அது உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் தொடங்கிய இடம் அதுவல்ல.

*'அண்டர்கிரவுண்ட்' ராப்பர் என்றால் புகழ் கிடைக்காதவர் என்று பொருளா? இவர்களுக்கு வருமானம் எங்கிருந்து?*
– வாசகி, கோவை

புகழுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாட்டு எந்த வழியாக ஊருக்குள் போகிறது என்பதுதான் கணக்கு. 90-களின் நியூயார்க்கில் அந்த வழி இப்படி இருந்தது: கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வானொலி 89.9 எஃப்.எம்.; வியாழன் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ கார்சியா இருவரின் நிகழ்ச்சி. பெரிய நிலையங்கள் தொடாத டெமோக்கள் அதில் ஓடும். பையன்கள் கேசட்டில் பதிந்து கைமாற்றிக்கொள்வார்கள். அதே பாபிட்டோ 'ஃபாண்டில் எம்' என்ற சின்ன லேபிளும் நடத்தினார். டூமின் மறுபிறவி அங்கேதான். முதலில் 12 அங்குலத் தட்டுகள், 1999-ல் முழு ஆல்பம்.

அந்த 12 அங்குலத் தட்டு ஏன் முக்கியம்? அதில் பாட்டு இருக்கும், கூடவே குரல் இல்லாத வெறும் இசை இருக்கும், சிலவற்றில் இசை இல்லாத குரலும் இருக்கும். டி.ஜே.க்களுக்கு அது கச்சாப் பொருள். பத்து டி.ஜே. வாங்கினால் பத்து கிளப்பில் ஓடும்.

வருமானத்தில் டூம் செய்த சாமர்த்தியம் கவனிக்க வேண்டியது. எலெக்ட்ராவில் சூடு பட்டவர் அதற்குப் பிறகு ஒரே லேபிளுக்கு வாழ்க்கையை எழுதிக் கொடுக்கவில்லை. ஆல்பத்துக்கு ஒரு லேபிள், பல சமயம் ஆல்பத்துக்கு ஒரு பெயர். 2003-ல் கிங் கிடோரா என்ற பெயரில் பிக் டாடா லேபிளில் ஒன்று, அதே வருஷம் விக்டர் வான் என்ற பெயரில் சவுண்ட்-இங்க்கில் இன்னொன்று. 2004-ல் பீட் தயாரிப்பாளர் மேட்லிப்போடு சேர்ந்து ஸ்டோன்ஸ் த்ரோவில் 'மேட்வில்லனி', அதே வருஷம் நவம்பரில் ரைம்சேயர்ஸில் 'எம்.எம்..ஃபூட்'. (ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்டால் அவர் பெயரே வரும்.) இதற்கிடையில் பாடலில்லாத பீட்டுகளை, அதாவது ராப்புக்கான பின்னணி இசையை மட்டும் 'ஸ்பெஷல் ஹெர்ப்ஸ்' என்று தொகுதி தொகுதியாக விற்றார். அதிலிருந்த பீட்டுகள் சிலவற்றை ராப்பர் கோஸ்ட்ஃபேஸ் கில்லா 2006-ல் தன் ஆல்பங்களுக்கு எடுத்துக்கொண்டார். விளைந்தது ஒன்று, அறுவடை மூன்று.

ஒரு எச்சரிக்கை: பெயரை மாற்றிக்கொண்டாலே பழைய ஒப்பந்தத்திலிருந்து தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 'எந்தப் பெயரில் அறியப்பட்டாலும்' என்ற சொற்றொடர் பெரும்பாலான பிரத்யேக ஒப்பந்தங்களில் இருக்கும். டூமுக்கு அது முடிந்ததற்குக் காரணம், அவர் ஒரே லேபிளுக்குக் கட்டுப்பட்டிருக்கவில்லை என்பதுதான். கையெழுத்துப் போடுமுன் மூன்றைத் தேடுங்கள்: எத்தனை ஆல்பம், எத்தனை வருஷம், மாஸ்டர் ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம்.

*பழைய ஹிப் ஹாப்பில் வரும் அந்தக் கரகரப்பான பீட் என் லேப்டாப்பில் வரவே மாட்டேன் என்கிறது. ஒலியை மாற்றும் ப்ளக்-இன் மென்பொருள் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன்.*
– பீட் செய்யும் இளைஞர், திருச்சி

ப்ளக்-இன்னைக் கடைசியில் போடுகிறீர்கள், அதுதான் பிரச்சினை. அந்தக் கரகரப்பு மெருகுக்காகச் சேர்த்தது இல்லை; இடப் பற்றாக்குறையில் பிறந்தது.

1987-ல் வந்த இ-மு எஸ்.பி.-1200 என்ற சாம்ப்ளரை, அதாவது ஒலித்துண்டுகளைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 12 பிட், விநாடிக்கு சுமார் 26,000 மாதிரிகள். மொத்த நினைவகம் பத்து விநாடி; ஒரே துண்டு இரண்டரை விநாடிக்கு மேல் போகாது. இப்போது கணக்குப் போடுங்கள். 90 பி.பி.எம். (நிமிஷத்துக்கு 90 அடி) வேகத்தில் நான்கு அடி கொண்ட ஒரு பார் 2.67 விநாடி. உள்ளே அடங்காது. அதனால் என்ன செய்தார்கள்? நிமிஷத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓடவேண்டிய எல்.பி. தட்டை 45-ல் ஓடவிட்டுப் பதிந்தார்கள். வேகம் 1.35 மடங்கு, ஆகவே அதே பார் 1.98 விநாடியில் முடிந்துவிடும். பிறகு இயந்திரத்துக்குள் சுருதியைச் சுமார் ஐந்து அரைச்சுரம் இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்படி இறக்கும்போது இயந்திரம் இடைவெளியை நாசூக்காக நிரப்பத் தெரியாமல் மாதிரிகளை அப்படியே திரும்ப ஒலிக்கும். மேல் அலைவரிசையில் மணல் தேய்ப்பதுபோல ஒரு சத்தம் சேரும். அதுதான் நீங்கள் தேடுவது.

லேப்டாப்பிலும் அதே வரிசையில் செய்யுங்கள். லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் துண்டை) 135 சதவீத வேகத்துக்கு ஏற்றுங்கள். சுருதியும் சேர்ந்து ஏறவேண்டும், சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றும் 'டைம் ஸ்ட்ரெச்' வேண்டாம். பிறகு 26 கிலோஹெர்ட்ஸ், 12 பிட்டுக்குக் குறைத்துப் புதுக் கோப்பாக எழுதுங்கள். கடைசியாக அதை வேகம் குறைத்து ஒலிக்கவிடுங்கள். சாம்ப்ளரில் இடைவெளியை நிரப்பும் 'இன்டர்போலேஷன்' என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ட்ரம்ஸைத் தனியாக இதே வழியில் கொண்டுபோகலாம். குரலுக்கு மட்டும் வேண்டாம். முழு மிக்ஸிலும் பிட்டைக் குறைக்கும் பிட்-க்ரஷரைப் போட்டால் வரி ஒன்றும் புரியாது, பழைய ரேடியோ கெட்டுப்போன மாதிரி இருக்கும்.

விலை உயர்ந்த கருவி இல்லையே என்று வருந்தவும் வேண்டாம். 'மேட்வில்லனி'யின் பல பீட்டுகளை மேட்லிப் பிரேசில் பயணத்தில், ஹோட்டல் அறையில், கையடக்க டர்ன்டேபிள், பாஸ் எஸ்.பி.-303 சாம்ப்ளர், கேசட் டெக் ஆகியவற்றை வைத்துத்தான் செய்தார்.

*எழுபதுகளின் சினிமாப் பாட்டிலிருந்து ஏழு விநாடிக்குள் எடுத்தால் காப்பிரைட் வராது என்கிறார்களே?*
– வாசகர், சேலம்

வரும். ஏழு விநாடி, நான்கு பார் என்றெல்லாம் இந்தியச் சட்டத்தில் விதிவிலக்கு கிடையாது. அமெரிக்காவிலும் கிடையாது. அங்கே 1991-ல் ராப்பர் பிஸ் மார்க்கிக்கு எதிரான தீர்ப்பு வந்தபோதே சாம்பிளை, அதாவது பிறர் பாட்டின் துண்டை, இலவசமாக எடுக்கும் காலம் முடிந்தது. நம் ஊர்ச் சரக்குக்கும் இது நடந்திருக்கிறது: 2002-ல் ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியின் பாட்டில், 1981 இந்திப் படம் ஒன்றுக்காக பப்பி லஹிரி இசையமைத்து லதா மங்கேஷ்கர் பாடிய பகுதி அனுமதியில்லாமல் ஓடியது. லஹிரி பெயரைப் போடும்வரை விற்கக்கூடாது என்று 2003-ல் நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது. ஒலிப்பதிவு ஒன்று, மெட்டும் வரியும் இன்னொன்று. சாம்பிள் எடுத்தால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். நீங்களே ஆள்வைத்து அந்த மெட்டை வாசித்துப் பதிந்தால் முதலாவது தேவைப்படாது, இரண்டாவது அப்படியே நிற்கும். பழைய தட்டு என்பதால் தப்பலாம் என்பதும் பாதி உண்மைதான். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 வருஷம். மெட்டுக்கும் வரிக்கும் இசையமைப்பாளர், பாடலாசிரியர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 வருஷம். முதலாவது தீர்ந்து இரண்டாவது தீராமல் இருப்பதுதான் சகஜம்.

கேட்பதென்றால் இப்படி: அட்டையில் உள்ள லேபிளின் லைசன்சிங் பிரிவுக்கு மின்னஞ்சல். படம், பாட்டு, வருஷம், எந்த நிமிஷம் எந்த விநாடியிலிருந்து எதுவரை, உங்கள் பாட்டில் எத்தனை முறை வருகிறது, எங்கே வெளியிடப் போகிறீர்கள் – இத்தனையும் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். கூடவே உங்கள் டெமோ. வெளியிட்ட பிறகு கேட்காதீர்கள். பேரம் பேசும் பலம் அத்தோடு போச்சு. பதில் வரவில்லையென்றால் அது சம்மதம் இல்லை.

செலவு குறைந்த வழி வேண்டுமா? பறையோ உடுக்கையோ வாசிப்பவரிடம் பேசி, கூலி கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கி, இருபது நிமிஷம் பதிந்துகொள்ளுங்கள். வழிவழியாக வரும் தாளத்துக்கு உரிமையாளர் கிடையாது. ஆனால் அதை வேறொருவர் பதிந்து வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு உண்டு.

*தமிழில் ராப் எழுதினால் எல்லா வரியும் 'ஆன், ஆன்' என்றே முடிகிறது. சலிப்பாக இருக்கிறது.*
– வாசகர், யாழ்ப்பாணம்

நல்ல காது உங்களுக்கு. தமிழில் வினைமுற்று ஒரே விகுதியில் முடிவதால் இயைபு சும்மாவே விழும். 'வந்தான் – போனான்' என்பதில் ஒலி ஒத்தாலும் உழைப்பு இல்லை. ஒலிப்பொருத்தத்தைப் பின்னாலிருந்து முன்னுக்குத் தள்ளுங்கள். உதாரணத்துக்கு:

கடையோரம் நின்னான்
மழைநேரம் தின்னான்

'நின்னான் – தின்னான்' மட்டும் இருந்தால் சாதாரணம். 'கடை – மழை', 'ஓரம் – நேரம்' என்று உள்ளேயும் ஒலி பொருந்துவதால் வரி முழுக்க ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிற்கிறது. டூமின் பெயர் நிலைத்தது இந்த வேலையில்தான்: ஒரு வரியின் நான்கைந்து அசையை அடுத்த வரியின் நான்கைந்து அசையோடு பூட்டுவது, அதையும் வேலைப்பாடு தெரியாமல் சோம்பலான குரலில் சொல்வது. நமக்கு எதுகையும் மோனையும் கையில் இருக்கின்றன. எதுகையில் முதல் எழுத்து அளவில் ஒத்து, இரண்டாம் எழுத்து அப்படியே ஒத்தால் போதும். ராப்புக்கு உயிரொலி வரிசையும் ஒத்துப்போகவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூச்சையும் கணக்கில் வையுங்கள். 90 பி.பி.எம்.மில் 16 பார் என்பது சுமார் 43 விநாடி. நான்கு பாருக்கு ஒருமுறை கடைசி அடியைக் காலியாக விட்டு எழுதினால் மேடையிலும் பாடலாம். ஸ்டூடியோவில் ஒட்டுப்போட்டுச் சமாளித்த வெர்ஸ் மேடையில் காலை வாரிவிடும்.

*முகமூடி போட்டால் வேறு ஆளை மேடைக்கு அனுப்பலாமே?*
– வாசகி, புதுச்சேரி

அனுப்பினார்! 2007-லிருந்து சில நிகழ்ச்சிகளில் முகமூடி போட்ட வேறு ஆள் வாயசைத்துவிட்டுப் போக, ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். தான் இயக்குநர், நடிகர் யாராகவும் இருக்கலாம் என்ற தொனியில் டூம் விளக்கம் சொன்னார். கருத்தாகக் கேட்க அழகுதான். டிக்கெட் வாங்கியவருக்கு அது ஏமாற்று வேலை.

*இணையத்தில் பீட் வாங்கிப் பாட்டு போட்டேன். யூடியூப்பில் வேறு யாரோ உரிமை கோருகிறார்கள்.*
– வாசகர், மதுரை

நீங்கள் வாங்கியது பீட்டை அல்ல, பிரத்யேகமில்லாத லீஸை. அதே பீட்டை இன்னும் ஐம்பது பேர் எடுத்திருக்கலாம். அவர்களில் ஒருவர் தன் பாட்டை, ஒரே ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப்பின் கன்டென்ட் ஐ.டி.யில் பதிந்துவிட்டால், பின்னணி ஒன்றே என்பதால் உங்கள் பாட்டும் மாட்டும். லீஸ் ஒப்பந்தத்தையும் ரசீதையும் காட்டி ஆட்சேபணை போடுங்கள். விற்றவரிடமும் எழுதிக் கேளுங்கள். உங்கள் விநியோகஸ்தரின் படிவத்திலும் கன்டென்ட் ஐ.டி. கட்டத்தை லீஸ் பீட்டுக்கு டிக் செய்யவேண்டாம். ஒப்பந்தத்தில் எத்தனை ஸ்ட்ரீம்வரை அனுமதி என்று ஒரு எண் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர் செய்த பீட் என்றால் அன்றைக்கே ஒரு தாளில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பாட்டு ஓடிய பிறகு அந்தத் தாள் எழுதப்படாது. வரியும் மெட்டும் உங்களுடையது என்றால் பாடலாசிரியர், இசையமைப்பாளருக்கு உரிமத்தொகை வசூலிக்கும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிவுசெய்யுங்கள்.

*வீட்டில் பதிந்தால் குரல் கிணற்றுக்குள் பேசுவதுபோல இருக்கிறது.*
– வாசகர், தஞ்சாவூர்

வெறுஞ்சுவர் எதிரொலி. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். மைக் உங்களைப் பார்க்கட்டும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண், நடுவில் மூச்சுக்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் பாப் ஃபில்டர். உரக்கப் பாடும் இடத்திலும் அளவு மைனஸ் ஆறு டெசிபலைத் தாண்டக்கூடாது. காதை மூடும் ஹெட்போன் போடுங்கள். திறந்த வகையென்றால் பீட் மைக்கில் கசியும். மின்விசிறியையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். 'நாய்ஸ் ரிடக்‌ஷனில் எடுத்துக்கொள்ளலாம்' என்று விட்டால் விசிறிச் சத்தத்தோடு 'ச', 'ஸ' ஒலிகளும் போய்விடும். வேர்க்கும்தான். மூன்று டேக்குக்கு ஒருமுறை விசிறியைப் போட்டுக்கொண்டு, அந்த நேரத்தில் பதிந்ததைக் கேளுங்கள். ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்துவிடாதீர்கள்.