சாம்பல் ஜோடிக்கு வெள்ளைக் குஞ்சு: தரகரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: பாகூர் பக்கம் எங்கள் ஊர். தரகர் ஒருவரிடம் 8,000 ரூபாய் கொடுத்து, பெருவிடை என்ற பெரிய நாட்டுக்கோழி வகையில் ஒரு சாம்பல் ஜோடி வாங்கினேன். 'தூய சாம்பல், குஞ்சு அத்தனையும் சாம்பலாகத்தான் இறங்கும்' என்று சொல்லித்தான் கொடுத்தார். அடை வைத்ததில் பத்துக் குஞ்சு பொரித்தது. ஐந்துதான் சாம்பல். மூன்று கருப்பு, இரண்டு அழுக்கு வெள்ளை. கேட்டால், 'உங்க பெட்டை ஊர்ச் சேவலோட சேர்ந்திருக்கும், ரத்தம் கெட்டுப்போச்சு' என்கிறார். வெள்ளை இரண்டையும் கழிவு என்று 200 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு, 6,000 ரூபாய்க்கு வேறு தூய சாம்பல் சேவல் தருகிறாராம். மாற்றிக்கொள்ளலாமா? பெட்டையைக் கழித்துவிட வேண்டுமா?

பதில்: மாற்றாதீர்கள். பெட்டையையும் கழிக்காதீர்கள். முக்கியமாக, அந்த இரண்டு வெள்ளைக் குஞ்சுகளை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பத்துக் குஞ்சில் உங்களுக்கு அதிகம் வேண்டியவை அந்த இரண்டும்தான். அவர் கேட்பதும் அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

சாம்பல் என்பது தனி நிறம் இல்லை. அடிப்படையில் அது கருப்புக் கோழி. கருப்பை வெளுக்க வைக்கும் மரபணு ஒன்று அதில் கூட இருக்கிறது. எந்தக் குஞ்சுக்கும் தகப்பனிடமிருந்து ஒரு பங்கு, தாயிடமிருந்து ஒரு பங்கு வரும். இரண்டு பங்கிலும் வெளுக்கும் மரபணு இல்லையென்றால் குஞ்சு கருப்பு. ஒரு பங்கில் மட்டும் இருந்தால் சாம்பல். இரண்டிலும் இருந்தால் வெளுப்பு முற்றிப்போய், வெள்ளையில் அங்கங்கே சாம்பல் தீற்றியது போல வரும். இதை வளர்ப்பவர்கள் ஸ்பிளாஷ் என்பார்கள்.

உங்கள் சேவலிடமும் பெட்டையிடமும் வெளுக்கும் பங்கு ஒன்று, வெளுக்காத பங்கு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முட்டைக்கும் இரண்டில் எது போகும் என்பது குருட்டு வாய்ப்பு. ஆகவே நிறைய குஞ்சு எடுத்தால் கால் பங்கு கருப்பு, அரைப் பங்கு சாம்பல், கால் பங்கு ஸ்பிளாஷ் என்று நிற்கும். உங்களுக்கு வந்தது 3, 5, 2. பத்துக் குஞ்சில் இதைவிடக் கணக்காக வராது. அடுத்த அடையில் எட்டில் ஐந்து கருப்பாக இறங்கினாலும் பதற வேண்டாம். சின்ன எண்ணிக்கையில் அப்படி முன்பின் ஆகும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பிளஸ் டூ தாவரவியலில் சிவப்பு அந்தி மந்தாரையையும் வெள்ளை அந்தி மந்தாரையையும் சேர்த்தால் இளஞ்சிவப்பு வருமே, அதே கணக்கு. கோழியில் ஆண்டலூசியன் என்ற சாம்பல் இனத்தை வைத்து இங்கிலாந்தில் பேட்சன், பன்னெட் போன்ற மரபியல் ஆய்வாளர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைத் தெளிவாக்கிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், கோழி வளர்க்கும் வீட்டுக்கு இது வந்து சேரவில்லை. நம் பக்கத்துப் பயிற்சி முகாம்களுக்குப் போய்ப் பாருங்கள். தீவனம் சொல்வார்கள், வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி சொல்வார்கள், வங்கிக் கடனுக்குப் படிவம் கொடுப்பார்கள், குழுப் படம் எடுத்துச் சான்றிதழும் தருவார்கள். எந்தச் சேவலை எந்தப் பெட்டையோடு விட்டால் என்ன நிறம் வரும் என்று ஒரு கரும்பலகையில் பத்து நிமிஷம் எழுதிக் காட்ட ஆள் இல்லை. நிறத்துக்காக ஆயிரக்கணக்கில் பணம் கைமாறும் தொழிலில் இந்த ஒரு பாடம் இல்லாததால்தான் தரகர்கள் சொல்வதெல்லாம் வேதமாகிறது.

இப்போது அவர் வார்த்தைக்கு வருவோம். ஸ்பிளாஷ் குஞ்சு வர வேண்டுமானால் தாயும் தகப்பனும் இருவருமே வெளுக்கும் பங்கைக் கொடுத்திருக்க வேண்டும். ஊரில் திரியும் சிவப்புச் சேவலோ கருப்புச் சேவலோ உங்கள் பெட்டையை மிதித்திருந்தால் அந்த வெள்ளைக் குஞ்சுகள் பிறந்தே இருக்காது. அவர் குற்றம் சொல்லக் காட்டும் குஞ்சுகளே உங்கள் பெட்டைக்குச் சாட்சி. 'ரத்தம் கெட்டுப்போச்சு' என்பதும் பொய். ஒரு பெட்டை வேறு சேவலோடு சேர்ந்துவிட்டால் அந்தச் சேவலின் விந்து அதன் உடலில் இரண்டு மூன்று வாரம் தங்கும், அவ்வளவுதான். சேவலை மாற்றி நான்கு வாரம் கழித்து எடுக்கும் முட்டையில் பழைய சேவலின் சுவடே இருக்காது. ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி நல்ல பெட்டைகளை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போகிறார்கள்.

ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நிதானமாகப் படியுங்கள். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஸ்பிளாஷ் இல்லை. லெகார்ன் போன்ற வெள்ளைக் கோழியில் இருப்பது வேறு மரபணு. அது கருப்பை வெளுப்பதில்லை, அமுக்கிவிடுகிறது. அந்த வெள்ளையைக் கருப்போடு சேர்த்தால் குஞ்சு சாம்பலாகாது. வெள்ளையாகவே வந்து, உடம்பில் அங்கங்கே கருப்புப் புள்ளி விழும். தள்ளி நின்று பார்த்தால் ஸ்பிளாஷ் மாதிரியே இருக்கும். கைப்பேசிப் படத்தில் வித்தியாசமே தெரியாது. இதைத்தான் ஸ்பிளாஷ் என்று பேர் வைத்துப் பஸ் பார்சலில் அனுப்புகிறார்கள். வாங்கியவர் கருப்புப் பெட்டையோடு விட்டு, சாம்பல் வரும் என்று ஆறு மாதம் காத்திருந்து ஏமாறுகிறார்.

உங்கள் இரண்டும் எது என்று இப்படிப் பாருங்கள். இரண்டு மாதம் ஆகி இறகு மூடியதும் குஞ்சைக் கையில் எடுத்து, காலை வெயிலில் முதுகு இறகு ஒன்றை விரலால் விரித்துப் பிடியுங்கள். ஸ்பிளாஷ் என்றால் கறை நீலம் கலந்த சாம்பலாக, ஓரம் கரைந்தது போல இருக்கும். மற்றது என்றால் மைத்துளி தெறித்தது போலத் துல்லியமான கருப்புப் புள்ளி. வெள்ளையில் மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு: கருப்போடு சேர்த்தால் குஞ்சில் வெள்ளையே தலைகாட்டாது, அடுத்த தலைமுறையில்தான் திடீரென்று எட்டிப் பார்க்கும். கண்ணால் பார்த்துத் தீரவில்லையென்றால் வளர்ந்த பிறகு ஒரு கருப்புப் பெட்டையோடு விட்டு ஒரு அடை எடுங்கள். குஞ்சு எல்லாம் சாம்பல் என்றால் ஸ்பிளாஷ். வெள்ளையில் கருப்புப் புள்ளிக் குஞ்சு வந்து, சாம்பல் ஒன்றுகூட வரவில்லையென்றால் லெகார்ன் வகை. எல்லாம் கருப்பு என்றால் மூன்றாவது. உங்களுடையது சாம்பல் ஜோடிக்கு, கருப்பும் சாம்பலும் கலந்த அடையில் வந்தது என்பதால் ஸ்பிளாஷ்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காமல் கேட்கும் விஷயம்: குஞ்சு அத்தனையும் சாம்பலாக இறங்க வழி உண்டா? உண்டு. ஸ்பிளாஷ் சேவல், கருப்புப் பெட்டை. அல்லது கருப்புச் சேவல், ஸ்பிளாஷ் பெட்டை. இந்த நிறத்துக்கு ஆண் பெண் வித்தியாசம் இல்லை, எப்படி மாற்றினாலும் நூற்றுக்கு நூறு சாம்பல். சாம்பலைக் கருப்போடு விட்டால் பாதி சாம்பல், பாதி கருப்பு. சாம்பலை ஸ்பிளாஷோடு விட்டால் பாதி சாம்பல், பாதி ஸ்பிளாஷ். உங்கள் கோழிகளைப் பொறுத்தவரை 'தூய சாம்பல் சேவல்' என்று ஒன்று இருக்கவே முடியாது. 6,000 ரூபாய் கொடுத்து அவர் சேவலை வாங்கி உங்கள் சாம்பல் பெட்டையோடு விட்டாலும் மறுபடி இதே கால், அரை, கால்தான்.

அதற்கு வேண்டிய கருப்புப் பெட்டையை உங்கள் ஊரிலேயே தேடுங்கள். கூடப் பிறந்த கருப்பையும் ஸ்பிளாஷையும் சேர்க்காதீர்கள். நிறம் சரியாக வரும், ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை பொரிப்பு குறையும், குஞ்சு சோடையாகும். வெளியிலிருந்து ஒரு பெருவிடைப் பெட்டை போதும். கழுத்து இறகைப் புரட்டிப் பாருங்கள், சிவப்போ பொன்னிறமோ ஓடினால் வேண்டாம். வெளுக்கும் மரபணு கருப்பைத்தான் தொடும், சிவப்பைத் தொடாது. அப்படிப்பட்ட பெட்டையிலிருந்து சாம்பல் உடம்பும் சிவப்புக் கழுத்துமாகக் குஞ்சு வர வாய்ப்புண்டு. சிலருக்கு அதுவும் பிடிக்கும், அது வேறு. புதுப் பெட்டையை வாங்கி வந்ததும் மற்றவற்றோடு விடாமல் இரண்டு மூன்று வாரம் தனியாகப் பஞ்சாரத்தில் வையுங்கள். கழிச்சல் நோய் பெரும்பாலும் இப்படித்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

கருப்பு வேண்டுமென்றால் கருங்கோழிதான் வேண்டும் என்று உங்கள் தலையில் கடக்நாத்தைக் கட்டப் பார்ப்பார்கள், அதற்கும் மசியாதீர்கள். இறகு கருப்பது ஒரு கணக்கு, தோலும் கறியும் கருப்பது வேறு கணக்கு. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கடக்நாத்துக்கு 2018ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து கருப்பாக இருக்கும் எதற்கும் அந்தப் பெயர் வைத்து விலை சொல்கிறார்கள். கருப்பு முட்டை போடும் என்று சொல்லி விற்பவரும் உண்டு. கடக்நாத் முட்டை வெளிர் பழுப்பாகத்தான் இருக்கும்.

இன்னொரு பயமும் வேண்டாம். கருப்புக் குஞ்சு பொரிக்கும்போது முதுகு கருப்பாகவும் வயிறும் சிறகு நுனியும் மஞ்சள் கலந்த வெள்ளையாகவும் இருக்கும். கலப்பு என்று சொல்லி அதையும் அடித்து வாங்குவார்கள். இறகு மாறும்போது அந்த வெள்ளை போய்விடும். நிறம் ஏற்றும் டானிக், கால்சியம் குறைவால் வெளுத்தது என்பதெல்லாம் கதை. தீவனத்தால் காலின் மஞ்சள் கூடும், குறையும். கருப்பு சாம்பலாகாது.

8,000 ரூபாய் போனது போனதுதானா என்றும் கேட்கலாம். ஜோடி சாம்பல் என்று வாங்கினீர்கள், சாம்பல் ஜோடிதான் வந்திருக்கிறது. குஞ்சு பற்றிக் கொடுத்த வாக்குத்தான் பொய். அது எழுத்தில் இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க முடியும். விற்றவர் கடலூர்ப் பக்கம் இருந்தாலும் நீங்கள் புதுச்சேரியிலேயே கொடுக்கலாம். ஆனால் இந்த வியாபாரத்தில் பில் ஏது? ரெண்டு பக்கத்து அலுவலகமும் 'அது எங்க எல்லை இல்லை' என்று கை காட்டுவதில்தான் சுறுசுறுப்பு. நாய்க்கு வம்சச் சான்று உண்டு. கோழிக்குத் தரகர் அடித்த அட்டைதான் சான்று. இனிமேல் வாங்கினால் தாய், தகப்பன், கூடப் பிறந்த குஞ்சுகள் எல்லாம் ஒரே காட்சியில் ஒன்றாக நிற்கும் வீடியோ கேளுங்கள். என்ன நிறம் வரும் என்று அவர் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். இரண்டுக்கும் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

இந்த ஐந்து சாம்பல் குஞ்சுகளை வளர்த்து விற்கலாம், ஆனால் வாங்குகிறவரிடம் கணக்கைச் சொல்லி விற்றுவிடுங்கள். வெள்ளை இரண்டின் காலிலும் இப்போதே கலர் வளையம் மாட்டுங்கள். வளர வளர இறுகும், மாதம் ஒருமுறை தளர்த்துங்கள். இரண்டில் ஒன்று சேவலாகத் தேறினால் ஆறு ஏழு மாதத்தில் கருப்புப் பெட்டைகளோடு தனிக் கொட்டகையில் விடலாம். இரண்டும் பெட்டையானால் வெளியிலிருந்து ஒரு கருப்புச் சேவல் போதும். அந்தப் பெட்டைகள் அதுவரை வேறு சேவலோடு இருந்திருந்தால், முதல் நான்கு வார முட்டையை அடை வைக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வரும் முட்டையில் எந்தச் சேவல், எந்தப் பெட்டை, என்ன தேதி என்று பென்சிலால் எழுதி வையுங்கள்.