மிளகாய் வயலை ஈடு வைத்து மருத்துவ இடம் வாங்க வேண்டாம்

அண்ணாச்சிக்கு வணக்கம். உங்கள் மகளுக்கு இரண்டாம் முறையும் நீட் மதிப்பெண் கைகொடுக்காததால் வீட்டில் எல்லோரும் கலங்கியிருப்பது எனக்குப் புரிகிறது. ஆனால், மானூர் வயலை ஈடு வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடலாம் என்று உங்கள் மச்சினர் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். சோறு போடும் நிலத்தை, பிள்ளை கேட்காத படிப்புக்காகக் கடனில் தள்ளக் கூடாது.

உங்கள் மகள் என்னிடம் மருத்துவம் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தண்ணீர் சரியாக ஏறாத மேட்டுப் பாத்தியில் பறித்த மிளகாய்க்கு மட்டும் காரம் ஏன் கூடுகிறது என்று கேட்டாள். தண்ணீர்த் தட்டுப்பாடு பல மிளகாய் வகைகளில் காரத்தை மாற்றுகிறது என்பது ஆய்வாளர்கள் இன்றும் துருவிக்கொண்டிருக்கும் விஷயம். காரம் தரும் கேப்சைசின் விதையில் உருவாவதில்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சூல் ஒட்டுத் திசுவில் உருவாகிறது. அதற்குத் தேவையான 'பன் 1' மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் குடைமிளகாய் போலக் காரமே இராது என்பதை 2005இல் கண்டறிந்தார்கள். அதனால், காய் பிடிக்கும்வரை காத்திராமல், நாற்றின் ஓர் இலைத் துணுக்கிலேயே அந்தச் செடி காரக்காய் தருமா என்று டி.என்.ஏ. சோதனையால் சொல்லிவிடலாம். எவ்வளவு காரம் என்பதைப் பல மரபணுக்களும் வெயிலும் நீரும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மேலும், ஆய்வகத்தில் சிறு துணுக்கிலிருந்து செடியை வளர்த்தெடுக்கும் திசு வளர்ப்பில் முழுச்செடியாக மீள மிளகாய் எளிதில் இணங்காததால், மரபணுத் திருத்தத்தில் அது தக்காளிக்குப் பின்தங்கியே நிற்கிறது. அவளைப் போன்றவர்களுக்கு அங்கே நிறைய வேலை காத்திருக்கிறது.

மருத்துவர் ஆனால்தான் மரியாதை என்கிறார் மச்சினர். கேப்சைசினைக் கொண்டு, சூட்டை உணரும் நரம்பு ஏற்பியை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், உயிர்வேதியியல் படித்தவர். அவருக்கு 2021இல் கிடைத்தது மருத்துவத்துக்கான நோபல் பரிசு.

வல்லநாட்டுக்கு அருகே கிள்ளிகுளத்தில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரியில் நான்கு ஆண்டு இளநிலை வேளாண்மைக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. பெயர் பெரிதாக ஒலிக்கிறது என்று தனியார் பொறியியல் கல்லூரியின் உயிரித் தொழில்நுட்பத்துக்குத் தாவ வேண்டாம். வேளாண்மைப் பட்டம் இருந்தால் ஆராய்ச்சி நீண்டாலும் வேளாண்மை அலுவலர் தேர்வும், வங்கி வேளாண் கள அலுவலர் தேர்வும் திறந்தே இருக்கும். முதுநிலையில் பயிர் இனப்பெருக்கமோ உயிரித் தொழில்நுட்பமோ எடுக்கட்டும். தேசிய நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பிடித்தால் மாத உதவித்தொகையும் கிடைக்கும்.

வேளாண் பல்கலைக்கழக விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும், கிள்ளிகுளத்தை முதல் விருப்பமாகக் குறிக்கட்டும். ஈட்டுப் பத்திரத்தில் மட்டும் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.