ஒரு மினுக்கை எப்படி நம்புவது?

வணக்கம்.

கரும்பொருள் (ஒளி தராமல், ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் பொருள்) துகளைத் தேடி டன் கணக்கில் திரவ செனானைப் (குளிர்வித்துத் திரவமாக்கிய ஒரு மந்த வாயு) பூமிக்கடியில் வைத்துக் காத்திருக்கிறார்கள் என்று வாசித்தேன். இரண்டு சந்தேகம். யாரும் கண்டிராத துகள் அது. கருவி அதைப் பார்க்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நாளைக்கே ஒரு மினுக்கு தெரிந்தால், அது அதுதான் என்று எப்படிச் சொல்வார்கள்?

– க.

அன்புள்ள க.,

முதல் கேள்விக்கு நியூட்ரான்தான் பதில். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பழைய ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது அப்படியொரு கருவியான எல்இசட். 10 டன் செனான். அதில் 7 டன் மோதல்களை உணரும் பகுதி. தேடப்படும் துகள் வந்தால் செனான் அணுக்கருவை முட்டித் தள்ளும். நியூட்ரான் செய்வதும் அதையேதான். ஆகவே ஆற்றல் தெரிந்த நியூட்ரான்களை உள்ளே செலுத்தி, முட்டினால் கருவி எப்படிப் பேசும் என்று முன்பே அளந்துவைத்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு மோதலுக்கும் இரண்டு மினுக்குகள். மோதிய இடத்திலேயே எழும் புறஊதா ஒளி ஒன்று. அங்கே கழன்ற எலெக்ட்ரான்களை மின்புலம் மேலே இழுக்கிறது. திரவத்தைத் தாண்டி மேலுள்ள வாயுவுக்குள் அவை நுழையும்போது எழுவது இரண்டாவது. இடைவெளி அதிகபட்சம் ஒரு மில்லிசெகண்டை ஒட்டி இருக்கும். அதிலிருந்து ஆழம் கிடைத்துவிடும். முட்டப்பட்டது அணுக்கருவானால், முதல் மினுக்கோடு ஒப்பிட இரண்டாவது சிறுத்திருக்கும்; பீட்டா, காமா கதிர்கள் எலெக்ட்ரானைத் தட்டினால் பெருத்திருக்கும். செனானில் ஆக்சிஜன் கலந்திருந்தால் எலெக்ட்ரான்கள் வழியிலேயே பறிபோகும். அதனால் செனானை இடைவிடாமல் சுற்றவிட்டுச் சுத்திகரிக்கிறார்கள். இதையெல்லாம் மீறியும் கோளாறு வரும்: இத்தாலியின் கிரான் சாஸோவில் உள்ள செனான்-என்டி கருவியில், கீழ்ப்பகுதியில் இரண்டு மின்வாய்களுக்கிடையே ஷார்ட் ஆனதால், 30 கிலோவோல்ட்டுக்கு வடிவமைத்ததை 2.75 கிலோவோல்ட்டில் ஓட்ட வேண்டியதாயிற்று. அப்படியும் நல்ல முடிவுகள் வந்தன.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. என் பார்வையில் இந்தத் துறையின் பெரும்பாடு துகளைத் தேடுவதில் இல்லை, அதைப் போலவே மினுக்கும் மற்றவற்றை விரட்டுவதில்தான். பெரிய எதிரி ரேடான் என்ற கதிரியக்க வாயு. பற்றவைப்பு, பம்பு, கேபிள் என எதிலிருந்தும் கசிந்து செனானில் கலந்துவிடும். அதன் வழித்தோன்றலான ஈயம்-214 சில சமயம் காமா எதுவும் வெளிவிடாமல் ஒற்றை பீட்டாவோடு சிதையும். துணைச் சத்தம் இல்லாததால் வடிகட்டுவது சிரமம். இன்னும் குறும்பானது ஈயம்-210. கருவியைக் கோக்கும்போது காற்றிலுள்ள ரேடானிலிருந்து அது டெஃப்லான் சுவரில் படிகிறது. அரை ஆயுள் 22 ஆண்டு. அதிலிருந்து பிறக்கும் பொலோனியத்தின் ஆல்ஃபா, டெஃப்லானில் உள்ள ஃபுளோரினைத் தாக்கினால் நியூட்ரான் வெளிவரும். அந்த நியூட்ரான் நாம் தேடுவதைப் போலவே முட்டும். அதனால்தான் ரேடான் குறைத்த அறையில் கோக்கிறார்கள். எல்இசட்டைச் சுற்றி, நியூட்ரானைப் பிடிக்கும் காடோலினியம் என்ற உலோகம் கலந்த 17 டன் ஒளிர்திரவமும் உண்டு: முட்டிய நியூட்ரான் வெளியே போய்ப் பிடிபட்டால் அங்கே ஒளி எழும், அந்த நிகழ்வைத் தள்ளிவிடலாம்.

2020-இல் செனான்-என்டிக்கு முந்தைய கருவியான செனான்-1டியின் குழு, 232 எதிர்பார்த்த இடத்தில் 285 நிகழ்வுகளைக் கண்டது. சூரியனிலிருந்து வரும் ஆக்சியானா (இதுவரை யாரும் காணாத, கருத்தளவிலான ஒரு துகள்) என்று பரபரப்பு. ஆனால் ஒரு கிலோ செனானுக்கு மூன்றுக்கும் குறைவான டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) அணுக்கள் இருந்தாலே அந்த மிகுதி வந்துவிடும் என்பதையும் அவர்களே கட்டுரையில் எழுதினார்கள். 2022-இல், பின்னணியை (தேடாத மற்ற மினுக்குகளை) ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்த செனான்-என்டியில் அந்த மிகுதி காணவில்லை.

2024-இல் செனான்-என்டியும் சீனாவின் பாண்டாஎக்ஸ்-4டியும் வானத்திலிருந்து வந்த ஒன்றையே பார்க்கத் தொடங்கின. சூரியனுக்குள் போரான்-8 சிதையும்போது பிறக்கும் நியூட்ரினோக்கள் (எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்கள்) செனான் அணுக்கருவை முட்டியதற்கான அறிகுறி, இரண்டிலும் 2.7 சிக்மாவை (தற்செயல் அல்ல என்ற உறுதியின் அளவு) ஒட்டி. கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து வேண்டும். சிக்கல் என்னவென்றால், இந்த முட்டல் ஏறத்தாழ 6 ஜிஇவி (சுமார் ஆறு புரோட்டான்) நிறையுள்ள கரும்பொருள் துகள் தரும் முட்டலைப் போலவே இருக்கும். நியூட்ரினோவைத் தடுக்கும் சுவர் எதுவும் கிடையாது.